கல்பனாவும் கானா நாட்டுப் பணமும்

2022ஆம் வருஷம் அக்டோபர் மாதம் கல்பனாவின் பேங்க் கணக்கில் பதினாலாயிரத்து நானூறு ரூபாய் ஏறியது. அதே வருஷம் பொங்கல் மாதத்தில் ஏறியது இருபத்தொன்பதாயிரத்து இருநூற்று எண்பது. நடுவில் மாதாமாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று தேய்ந்துகொண்டே வந்து இப்போது பாதியில் வந்து நின்றது. கணவன் சின்னராஜைப் போனில் கேட்டால் ஒரே பதில்தான்.

"அதே சம்பளந்தான் கல்பனா. அதே தான் ஆபீஸ்ல கட்றேன். ஒரு பைசா கம்மி பண்ணல."

சின்னராஜ் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்பவன். ஜவ்வாது மலையில் நெல்லிக்கொல்லை என்கிற சின்ன ஊர் அவனுடையது. ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம். இருபது வயதில் ரிக் வண்டியோடு கிளம்பியவன், ஆந்திரா, மகாராஷ்டிரா, சத்தீஸ்கர் என்று ராடு மாட்டி ராடு கழற்றியே பதினாறு வருஷம் ஓட்டினான். அவன் வேலை பார்த்த கம்பெனி முதலாளி இரண்டு ரிக்குகளைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவில் இருக்கும் கானா நாட்டுக்கு அனுப்பியபோது, தெரிந்த ஆளாக வேண்டும் என்று சின்னராஜையும் கூப்பிட்டார். 2021இல் போனான். சாப்பாடு, தங்குமிடம் கம்பெனி பொறுப்பு. சம்பளம் மாதம் இரண்டாயிரத்து நானூறு சீடி.

கானா நாட்டுப் பணத்துக்கு சீடி என்று பேர். முதல் தடவை கேட்டபோது மகள் ரம்யா, "இன்னாம்மா, பாட்டு போட்டுக் கேக்கற சீடியா?" என்று சிரித்தாள். சின்னராஜ் தன் சம்பளத்தை அங்கே கம்பெனி ஆபீஸில் சீடியாகக் கட்டிவிடுவான். அன்றைய விலைக்கு ரூபாயாகக் கணக்குப் போட்டு, இங்கே இருக்கும் கம்பெனியின் ஆபீஸ் கல்பனாவின் கணக்கில் போட்டுவிடும். அவனுக்கு சீடி மட்டும் தெரியும். அவளுக்கு ரூபாய் மட்டும் தெரியும். நடுவில் என்ன நடக்கிறது என்று இருவருக்குமே தெரியாது.

கல்பனா பன்னிரண்டாவது வரை படித்தவள். ஜமுனாமரத்தூரில் பெண்கள் குழு நடத்தும் சாமை மில்லில் வேலை. சாமையில் கல், உமி போக்கி, அரிசியாக்கி, பாக்கெட் போட வேண்டும். நாள் கூலி முந்நூறு ரூபாய். கொல்லையில் சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் விளையும். சொத்து என்று சொல்ல அவர்களுக்கு இருந்தது பன்னிரண்டு புளியமரங்கள். சின்னராஜ் வெளிநாடு போக மெடிக்கல், விசா, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆனது. அதற்காக அந்த மரங்களைப் போளூர்ப் புளி வியாபாரி கோவிந்தனிடம் அடமானம் வைத்தார்கள். வட்டி கிடையாது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை வருஷாவருஷம் காய்ப்பு கோவிந்தனுக்கு. தை பிறப்பதற்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அந்த வருஷத்துக் காய்ப்பு இவர்களுக்கு. இதுதான் பேச்சு.

மாதம் முப்பதாயிரம் வந்தால் ஒரே வருஷத்தில் மீட்டுவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். கூரைக்கு ஓடு மாற்றியதிலும், ரம்யாவின் ஹாஸ்டல் செலவிலும், சின்னராஜின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததிலும் முதல் வருஷப் பணம் போய்விட்டது. இரண்டாவது வருஷம் மீட்கலாம் என்று பார்த்தால் பணம் இப்படித் தேய்கிறது.

மில்லில் கூட வேலை செய்யும் பெண்கள் பேசாமல் இருப்பார்களா? வெளிநாடு போன ஆண்களைப் பற்றி அவர்களிடம் கதைகள் நிறைய இருந்தன. ஒருத்தி துபாயில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவனைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி சீட்டாட்டத்தைச் சொன்னாள். கல்பனா முதலில் சண்டை போட்டாள். பிறகு சண்டை போடவும் வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"மாமா, அங்க யார்னா கீறாளா?"

அந்தப் பக்கம் ரிக் வண்டியின் கம்ப்ரசர் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு போன் துண்டிக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் கூப்பிடவில்லை.

மூன்றாவது வாரம் கல்பனா பேங்க்குக்குப் போனாள். ஒரு வருஷத்துக்கு எவ்வளவு எவ்வளவு வந்திருக்கிறது என்று எழுதி வாங்கி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்து மாமனாரிடம் நியாயம் கேட்பதாகத் திட்டம். கவுன்டரில் ஜூடி இருந்தாள். கண்ணமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண், கல்யாணம் ஆகாதவள், தினமும் போளூர் வந்து மலை பஸ் ஏறி வேலைக்கு வருபவள். வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் வாந்தி வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, மலையில் எல்லோருக்கும் பழக்கமாகியிருந்தாள்.

ஜூடி பாஸ்புக்கைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு, கல்பனாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னா ஆச்சுங்க? ஏதாச்சும் பணம் வரலையா?"

"வருது மேடம். பாதிதான் வருது. அதே சம்பளம்ன்றாரு. அதான் எனக்குப் புரியல."

"சம்பளம் ரூபாயிலயா?"

"இல்ல. கானா பணத்துல. சீடின்னு சொல்வாங்க."

"எவ்ளோ சீடி?"

"ரெண்டாயிரத்து நானூறு."

ஜூடி தன் போனை எடுத்து எதையோ தட்டினாள். அவள் புருவம் மேலே போனதைக் கல்பனா பார்த்தாள். ஜூடி போனைக் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக வெளியே தள்ளினாள். அதில் ஒரு கோடு இருந்தது. இடது பக்கம் உயரத்தில் ஆரம்பித்து, மலைச்சரிவு மாதிரி வலது பக்கம் விழுந்துகொண்டே போனது.

"போன தையில ஒரு சீடிக்குப் பன்னண்டு ரூபா இருபது காசு. இப்போ ஆறு ரூபா. அவர் அனுப்பறது குறையலைங்க. அந்தப் பணத்தோட மதிப்பே இறங்கிப்போச்சு."

கல்பனா பணம் கட்டும் சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, கயிற்றில் கட்டியிருந்த பேனாவால் பெருக்கினாள். இரண்டாயிரத்து நானூறை ஆறால் பெருக்கினால் பதினாலாயிரத்து நானூறு. பன்னிரண்டு ரூபாய் இருபது காசால் பெருக்கினால் இருபத்தொன்பதாயிரத்து இருநூற்று எண்பது. பாஸ்புக்கைப் பார்த்தாள். அச்சு அசலாக அதே எண்கள். இன்னொரு தடவை பெருக்கினாள். மறுபடியும் அதே.

வெளியே வந்து பேங்க் வாசல் படியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. பாதிப் பணம் காணாமல் போனது உறுதியான நாளில் யாராவது சந்தோஷத்தில் அழுவார்களா? அவள் அழுதாள். பணம்தான் போயிருந்தது. ஆள் போகவில்லை.

அங்கிருந்தே அவனைக் கூப்பிட்டாள். கானாவில் அப்போதுதான் காலை வெயில் ஏறும் நேரம். அவன் எடுத்தான்.

"மாமா, நான் கேட்டது தப்பு. பேங்க்ல கணக்குப் பாத்துட்டேன். உன் மேல ஒண்ணும் இல்ல. அந்த ஊரு பணம் பாதியா இறங்கிப்போச்சு."

அவன் சொன்னான்: "நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? நீ வர்றத மறைச்சு உங்க அம்மா வூட்டுக்குக் குடுக்கறேன்னு நெனச்சேன். இந்தத் துட்டுக்காடா நாம இங்க மண்ணுல பொரள்றோம்னு மூணு நாள் சோறு எறங்கல எனக்கு."

"அடப்பாவி மாமா!"

இருவரும் சிரித்தார்கள். பேங்க் வாசலில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கல்பனா சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த நாட்டின் மேல் ஒரு கண் விழுந்தது. ஏன் இப்படி ஆனது என்று அவனைத் துளைத்தாள். அவன் கூட வேலை செய்யும் உள்ளூர் ஆட்களிடம் கேட்டு வந்து சொன்னான். நாடு வெளியிலிருந்து டாலரில் நிறைய கடன் வாங்கியிருந்தது. கொரோனாவுக்குப் பிறகு வரி வருமானம் குறைந்து செலவு ஏறியது. பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் கேட்டால் வெளிநாட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அரசாங்கம் சமாளிக்க அச்சடித்த பணம் ஊருக்குள் பெருகியது. இது எங்கே போய் நிற்குமோ என்று கையில் சீடி வைத்திருந்தவனெல்லாம் அதைக் கொடுத்துவிட்டு டாலர் வாங்க ஓடினான். எல்லோரும் விற்க ஓடினால் விலை விழத்தானே செய்யும்? அந்த டிசம்பரில், வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது.

"இங்க இருக்கற சனங்களுக்கு நம்மளவிடக் கஷ்டம் கல்பனா" என்றான் சின்னராஜ். "நம்ம களி மாதிரி மக்காச்சோள மாவுல உருண்டை புடிச்சு வித்துட்டு ஒரு அம்மா வரும். விலைய ஏத்தல, உருண்டைய சின்னதாக்கிக்கினே வருது. இவங்க தலைநகரம் அக்ரால, ரிடையர் ஆன வயசானவங்க நிதித்துறை ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்துட்டாங்களாம். அரசாங்கப் பத்திரத்துல போட்ட பணம் அவங்களுது. அதுக்கு வட்டியக் கொறைக்கறேன், வருஷத்த நீட்டறேன்னு சொல்லிட்டாங்களாம்."

இதில் ஒரு விஷயம் கல்பனாவின் மனதில் தனியாகப் பதிந்தது. கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த அதே டிசம்பரில், சர்வதேச நாணய நிதியம் உதவ ஒப்புக்கொண்டது என்று செய்தி வந்தது. உடனே சீடி துள்ளி எழுந்தது. ஐந்தே முக்கால் ரூபாயில் கிடந்தது சில வாரங்களில் ஒன்பதைத் தொட்டது. அந்த மாதம் அவள் கணக்கில் இருபத்தோராயிரம் ஏறியது. அடுத்தடுத்த மாதங்களில் மறுபடி இறங்கிவிட்டது. ஆனாலும், விழுந்த பணம் எழவும் செய்யும் என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து மில்லுக்குப் போகும் வழியில் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, ரேட்டைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அடுத்த இரண்டு வருஷங்கள்தான் அவளுக்கு மிகக் கஷ்டமானவை. சின்னராஜின் கம்பெனி போட்ட கிணறுகளில் பாதி அரசாங்கக் கிணறுகள். கடனில் மூழ்கிய அரசாங்கம் பில்லைத் தூக்கி ஓரமாக வைத்தது. முதலாளி பேருக்குச் சம்பளத்தை ஐயாயிரத்து ஐந்நூறு சீடியாக உயர்த்தினார். கையில் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. மீதி பில் பணம் வந்ததும் என்றார். விட்டுவிட்டு வந்தால் அந்த மீதியும் போய்விடும். அதனால் சின்னராஜ் அங்கேயே கிடந்தான். கல்பனாவுக்கு மாதம் பத்தாயிரமோ பதினோராயிரமோ வந்தது. 

2024 மாசியில் கோவிந்தன் புளி உலுக்க ஆள் தேடினார். கல்பனாவும் போனாள். தன் மரத்தில் ஆட்கள் ஏறி உலுக்க, கீழே விழுந்த புளியைப் பொறுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, கோவிந்தனின் வண்டியில் ஏற்றிவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றாவது நாள் கோவிந்தனே சங்கடப்பட்டார். 

"நீ வேற மரத்துக்குப் போம்மா கல்பனா. இந்த மரத்துல நீ வேலை செய்றத பாக்க எனக்கே ஒரு மாதிரியா கீது."

"யார் மரமா இருந்தா இன்னாண்ணா, கூலி ஒண்ணுதானே" என்றாள். 

2024 நவம்பரில் அந்த நாட்டில் தேர்தல் நெருங்கியது. கட்டாமல் வைத்திருந்த பில்களில் சிலவற்றை அரசாங்கம் கட்டியது. முதலாளியும் வாக்குத் தவறாமல் ஆட்களுக்கு நிலுவையைக் கொடுத்தார். சின்னராஜின் கணக்கில் மொத்தமாக அறுபத்திரண்டாயிரம் சீடி.

நல்ல சேதிதான். ஆனால் வந்த நேரம் கெட்ட நேரம். அன்று ஒரு சீடி ஐந்து ரூபாய் இருபது காசு. இத்தனை வருஷத்தில் அதற்குக் கீழே அவள் பார்த்ததே இல்லை. 

"இன்னா பண்லாம்?" என்று சின்னராஜ் கேட்டான். "கூட இருக்கறவங்க எல்லாரும் இன்னிக்கே ரூபாயா மாத்திட்டாங்க. இன்னும் இறங்குமாம். எலக்சன் முடிஞ்சா அதலபாதாளம்ன்றாங்க. மூணு லட்சத்து இருவத்திரண்டாயிரம் வருது. மாத்திடட்டா?"

கல்பனா மனதுக்குள் கணக்குப் போட்டாள். மரத்தை மீட்க ஒன்றரை லட்சம் வேண்டும். அதற்கு இருபத்தொன்பதாயிரம் சீடி போதும். மீதி முப்பத்து மூவாயிரம் சீடியை வைத்து இப்போது செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ரம்யா பன்னிரண்டாவது படிக்கிறாள். நர்சிங் சேர வேண்டும் என்கிறாள். அந்தச் செலவு அடுத்த வருஷம் ஜூன், ஜூலையில்தான் வரும்.

"மரத்துக்கு வேண்டியத மட்டும் மாத்து மாமா. மீதி அங்கியே கெடக்கட்டும்."

"கெடந்து இன்னும் இறங்கிச்சுன்னா?"

"இறங்கட்டும். மரம் வந்துடும்ல? அந்தக் காய்ப்பு நம்மளுது. மீதி ஏறினா புள்ள படிப்புக்கு. ஏறலன்னா அப்போ பாத்துக்கலாம்."

"சரி, சும்மா வைக்க வேணாம். இங்க அரசாங்கத்துக்கிட்ட மூணு மாசத்துக்குப் போட்டு வச்சா வருஷத்துக்கு நூத்துக்கு இருவத்தெட்டு வட்டி தர்றாங்களாம். பேங்க்காரனே போட்டுக்குடுப்பான்."

கல்பனா ஜூடியிடம் போய், நம்ம பேங்கில் எவ்வளவு வட்டி என்று கேட்டாள். ஏழு என்றாள் ஜூடி. ஏழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி கல்பனாவைப் பயமுறுத்தியது. அன்று சாயங்காலம் சின்னராஜிடம் சொன்னாள்:

"வேணாம் மாமா. இருவத்தெட்டு வட்டி யார் குடுப்பான்? வேற எங்கயும் கடன் கெடைக்காதவன்தான் குடுப்பான். போன தடவ அந்த வயசானவங்க பத்திரத்துல கை வச்சாங்கன்னு நீதானே சொன்னே?"

அந்த மூன்று மாதப் பத்திரத்தில் பணம் போட்டவர்களுக்கு வட்டியோடு ஒழுங்காகத் திரும்பி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்பனாவுக்கு அதில் வருத்தம் இல்லை. "அதுல போட்டிருந்தா எனக்குத் தூக்கமே வந்திருக்காது" என்பாள்.

மார்கழி கடைசியில் கோவிந்தன் ஜமுனாமரத்தூருக்கு வந்தபோது, கல்பனா ஒன்றரை லட்சத்தை அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டு நேரில் போய் நின்றாள். புளி நன்றாகக் காய்த்திருந்த வருஷம் அது. கோவிந்தனுக்கு மரத்தை விட மனமில்லை.

"இன்னாம்மா அவசரம்? இந்த ஒரு வருஷம் என்கிட்டயே இருக்கட்டும். மேல ஒரு அம்பதாயிரம் தர்றேன், வச்சுக்கோ. பொண்ண வேற படிக்க வெக்கணும்ன்றே."

"வேணாண்ணா. பணம் வந்துச்சான்னு மட்டும் பாத்து சொல்லுங்க."

அவர் போனைப் பார்த்தார். "வந்துடுச்சும்மா" என்றார். பிறகு பையிலிருந்து பழைய ஒப்பந்தத் தாளை எடுத்து, அவள் கண் முன்னாலேயே இரண்டாகக் கிழித்து அவள் கையில் கொடுத்தார். அதோடு விடாமல், "புளியை என்கிட்டயே போடும்மா, நல்ல வெல தர்றேன்" என்றும் கேட்டுக்கொண்டார். அந்த மாசி, பங்குனியில் பன்னிரண்டு மரத்துப் புளியும் கல்பனாவின் வீட்டு வாசலில் காய்ந்தது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் பேசித்தான் கோவிந்தனுக்குப் போட்டாள்.

அந்தப் பக்கம் முப்பத்து மூவாயிரம் சீடி அசையாமல் கிடந்தது. ஜனவரியில் ஐந்தரை ரூபாய். பிப்ரவரியில் ஐந்தரை. மார்ச்சில் ஐந்தரை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சின்னராஜோடு வேலை செய்தவர்கள் அனுப்பிய பணத்தில் அவர்கள் வீட்டில் வண்டி வாங்கினார்கள், நகை எடுத்தார்கள். "உன் பொண்டாட்டி ரிசர்வ் பேங்க் கவர்னரா?" என்று அங்கே அவனைக் கிண்டல் செய்தார்கள். அவன் அதை அவளிடம் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் குறையும் இருந்தது. ரம்யாவின் பரீட்சை முடிந்தது. நர்சிங் கல்லூரியில் முதல் வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து ஒன்றேமுக்கால் லட்சம் ஆகும் என்று தெரிந்தது. ஐந்தரை ரூபாயில் மாற்றினால் அதற்குச் சரியாக இருக்கும், கொஞ்சம் மிஞ்சும். இறங்கிவிட்டால் போதாது. புளிக்காசையும் எடுக்க வேண்டியிருக்கும். கல்பனாவுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. தன் பிடிவாதத்துக்காகப் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைத்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் ரேட்டைப் பார்த்தாள். ஆறு ரூபாய். மறுநாளும் ஆறு. அதற்கடுத்த வாரம் ஆறு ரூபாய் முப்பது காசு.

அந்த வருஷம் உலகம் முழுக்கத் தங்கம் விலை ஏறியது. ஜவ்வாது மலையில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கானா தங்கம் தோண்டி எடுத்து விற்கும் நாடு. அந்த ஏற்றத்தில் அதற்கு டாலர் கொட்டியது. மத்திய வங்கி வேறு வட்டியை இறக்காமல், மேலும் ஏற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. கடன் கொடுத்தவர்களோடும் பேசி முடித்து, தவணையைத் தள்ளிவைத்திருந்தார்கள். டாலரும் ஊர் உலகமெங்கும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லாம் சேர்ந்து சீடியைத் தூக்கிவிட்டன.

மே நடுவில் ஏழு ரூபாயைத் தொட்டது. கல்பனா ஓடிப்போய் போன் போட்டாள்.

"மாமா, போதும். இன்னிக்கே மாத்திடு."

"மாத்த முடியாது கல்பனா. கணக்குப் பாக்கற ஆளுக்கு மலேரியா. ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. மாசக் கடைசிலதான் வருவாராம்."

"வேற யாரும் இல்லியா?"

"முதலாளி ஊருக்குப் போயிருக்காரு. சாவி அந்தக் கணக்குப் பாக்கறவர்கிட்டதான்."

கல்பனாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மலேரியா வந்த மனிதரை, முகம்கூடத் தெரியாதவரை, மனதுக்குள் திட்டினாள். பிறகு அவருக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தினமும் தொட்டியருகே போய் நின்று பார்த்தாள். ஏழு ரூபாய் முப்பது. ஏழே முக்கால். அவள் நம்பாமல் ஜூடியின் போனிலும் பார்த்தாள். எட்டு. ஜூடியே கவுன்டரில் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

மே முப்பதாம் தேதி கணக்காளர் மெலிந்துபோய் ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தார். சின்னராஜ் அவருக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனான். அன்று ஒரு சீடி எட்டு ரூபாய் இருபது காசு. இரண்டு நாள் கழித்துக் கல்பனாவின் கணக்கில் இரண்டு லட்சத்து எழுபதாயிரத்து அறுநூறு ரூபாய் ஏறியது. நவம்பரில் மாற்றியிருந்தால் ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம்தான்.

கல்பனா ரொம்பச் சாமர்த்தியக்காரி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவளிடம் கேட்டால், "பாதி மலேரியா பண்ணது" என்கிறாள்.

அந்த ஜூலையில் ரம்யா நர்சிங் சேர்ந்தாள். முதல் வருஷக் கட்டணம், சீருடை, ஹாஸ்டல் எல்லாம் கட்டியும் கையில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. கல்லூரி ஆபீஸில் ரசீது கொடுத்தவர், "மீதி எப்போ கட்டுவீங்க?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, மீதி ஒன்றும் இல்லை என்று பார்த்ததும் தலையைச் சொறிந்துகொண்டார். வெளியே வந்து தாயும் மகளும் ஒரு ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டார்கள். ரம்யா இரண்டு கேட்டாள். கல்பனா நான்கு சொன்னாள்.

ஆகஸ்டில் சின்னராஜ் லீவில் வந்தான். நான்கு வருஷம் ஆகியிருந்தது. கறுத்துப்போய், தாடி வைத்து, பெரிய பெட்டியோடு மலை பஸ்ஸிலிருந்து இறங்கினான். அந்த ஊரில் டீசல் விலை குறைந்துவிட்டது, களி விற்கும் அம்மாவின் உருண்டை மறுபடி கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று வீட்டுக்கு நடந்து வரும்போதே சொல்ல ஆரம்பித்தான். கல்பனா அவனைப் பேசவிட்டுக்கொண்டே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து நடந்தாள்.

திரும்பிப் போகும் முன்னால் புது ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. சீடி உயர்ந்திருந்ததால் கூட்டாளிகள் எல்லோரும் சம்பளத்தை சீடியிலேயே கேட்டார்கள். சின்னராஜுக்கும் அதுதான் ஆசை. கல்பனா ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளியிடம் அவளே போனில் பேசினாள்.

"சார், இவருக்கு ரூபாயில எழுதிக் குடுங்க. மாசம் முப்பத்தஞ்சாயிரம். ஏறினாலும் அதே, இறங்கினாலும் அதே."

"சீடியில வாங்கினா இப்போ நாப்பதுக்கு மேல வருமேம்மா?" என்றார் முதலாளி.

"தெரியும் சார். பரவால்ல."

போனை வைத்ததும் சின்னராஜ் கோபப்பட்டான். மாசம் ஐயாயிரம் நஷ்டம் என்றான். 

"நஷ்டந்தான் மாமா" என்றாள் கல்பனா. "மூணு வருஷமா காத்தால எழுந்தா எனக்கு அந்த ரேட்டுதான். சாமைல கல்லு பொறுக்கும்போதும் அது, சோறு திங்கும்போதும் அது. அந்த நாட்டு மந்திரி இன்னா பேசினாரு, தங்கம் ஏறுச்சா இறங்குச்சா, எனக்கு எதுக்கு? ஐயாயிரம் போகட்டும்."

அவன் ஒப்பந்தத் தாளை வாங்கி, அவள் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அக்டோபரில் அவன் மறுபடி கிளம்பிப் போனான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இப்போதும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ரம்யாவின் பரீட்சை, கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்தது, அங்கே புதிதாகப் போட்ட கிணற்றில் முந்நூறு அடியிலேயே தண்ணீர் வந்தது என்று ஏதேதோ பேசுகிறார்கள். ஒன்றாம் தேதி முப்பத்தைந்தாயிரம் ஏறுகிறது. கல்பனா மெசேஜைப் பார்த்துவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு மில்லுக்குப் போகிறாள்.